போகிறவளாக நடித்தவள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கோணேஸ்வரி டீச்சர் தன் தங்கைக்கு மட்டும் சொல்லியிருந்தது. டீச்சரின் செத்தவீட்டில் தங்கை எனக்குச் சொன்னார். "துறைமுகத்துக்கு மேலே வானம் சிவந்திருந்த ஒரு மாலை" என்று தொடங்கினேன். வெட்டிவிட்டேன். நாடக வகுப்பு காலையில்தான் நடந்தது.

2

1964. திருகோணமலையில் ஒரு பாடசாலை. டீச்சர் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை; எல்லாம் விளையாட்டுத்தான். அன்றைய விளையாட்டில் பஸ் தரிப்பில் இருவர். ஒருத்தி போகவேண்டும், மற்றவள் மறிக்கவேண்டும். வாயில் வருவதைப் பேசலாம்.

போகிறவளாக ஸுல்பிகா தானாகவே எழுந்து வந்தாள். (ஒருநாளும் முன்னுக்கு வராத பிள்ளை. டீச்சர் கவனித்திருக்க வேண்டாமா? கவனித்தார்; சந்தோஷப்பட்டார். அவரைக் கெட்டவராக்க நான் செய்த முயற்சி இந்த இடத்தில் தோற்றது.)

"எங்க போறாய்?" என்றாள் மற்றவள்.

"கந்தளாய்க்கு. மாமி மௌத்தாகிட்டா. அவட புள்ளையளப் பாக்க ஆளில்ல. இனிப் படிக்க வரமாட்டன்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"நம்புற மாதிரி இல்லையே பிள்ளை," என்றார் டீச்சர். "செத்தவீட்டுக் கதையை இப்பிடியோ சொல்லுறது? திரும்பச் செய்."

இரண்டாம் முறை ஸுல்பிகா நெஞ்சில் அடித்துக் கதறினாள். வகுப்பு கைதட்டியது. டீச்சரும் தட்டினார்.

3

அடுத்த கிழமை அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. டீச்சர் வீடு தேடிப் போனார். தாய் ஆமினா உம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

"புள்ள போயிட்டா டீச்சர். உங்களிட்டச் சொல்லிட்டுத்தான் போவன் எண்டு அண்டைக்குப் பள்ளிக்கூடம் வந்தவ. சொன்னவதானே?"

"ஓம்," என்றார் டீச்சர். "சொன்னவ."

[திரும்பும் வழியில் டீச்சர் அழுதார் என்று எழுதியிருந்தேன். தங்கைக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.]

4

விடுமுறையில் டீச்சர் கந்தளாய்க்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்தார். வேலிக்கு அப்பால் ஸுல்பிகா, இடுப்பில் ஒரு குழந்தை, எதிரே இருந்த இன்னொன்றுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். பிறகு நாடக வகுப்பையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். தங்கை சொன்னது இவ்வளவுதான்.

ஸுல்பிகா நிமிர்ந்து, "வாங்க டீச்சர்" என்று படலையைத் திறப்பதாக ஒரு முடிவு எழுதினேன். டீச்சர் வாயில் நல்ல நல்ல வார்த்தைகளாக வைத்தேன். அவை அவருக்கு வராமல் போனதுதானே கதை? கிழித்துவிட்டேன்.

நீங்கள் இப்போது அந்த வேலியோரம் நிற்கிறீர்கள். குழந்தை சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு, மனம் வந்தால், கூப்பிடுங்கள்.