ஈனோசாவின் ஐஸ்பெட்டி

டமாரிஸின் பாட்டு நாடு முழுக்க ஓட ஆரம்பித்தபோது அதில் அதிகமாக மாட்டிக்கொண்டவன் ஈனோசா. நாட்டின் வடகோடியில், ஊர் இருக்கிற டி.ஐ. தீவுக்கும் விமான நிலையம் இருக்கிற ஹார்ன் தீவுக்கும் நடுவே ஓடும் படகில் அவனுக்கு வேலை. விமானத்தில் வந்து இறங்குகிற யாராக இருந்தாலும் அந்தப் படகில் ஏறித்தான் ஊருக்குள் வர வேண்டும். அவர்களுடைய பைகளை வாங்கி அடுக்குவான், கயிற்றை அவிழ்ப்பான், பிறகு மைக்கை எடுத்து உயிர்காப்பு உடுப்பு எந்தப் பலகைக்கு அடியில் இருக்கிறது என்று சொல்வான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து யாராவது பாட்டை எடுத்துக் கொடுப்பார்கள்:

'போறவனே போ, என் ஐஸ்பெட்டியை வச்சிட்டுப் போ.'

உடனே படகே சேர்ந்து பாடும். பாட்டில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் மூவாயிரம் பேர் இருக்கிற ஊரில் பெயருக்கு என்ன அவசியம்? போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, இரண்டு வருஷப் பழக்கத்தை முறித்துக்கொண்டு, சிங்கி இறால் நிறைந்த ஐஸ்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு டமாரிஸ் வீட்டிலிருந்து அவன் நடந்து போனதைத் தெருவில் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொன்னார்கள்.

டமாரிஸுக்கு இருபத்து மூன்று வயது. பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, தாளம் சேர்ப்பது, பதிவு செய்வது எல்லாம் அவளேதான். அம்மா வீட்டின் பின்னறையில் சுவரோரம் பழைய மெத்தைகளை நிறுத்திவைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வேலை செய்வாள். அதற்கு முன் வெளியிட்ட நான்கு பாட்டுகளையும் சொந்தக்காரர்கள் மரியாதைக்காகக் கேட்டார்கள். ஐந்தாவதாக வந்தது இது. இளைஞர்களுக்கான வானொலி ஒன்று அதை எடுத்து ஒருநாள் போட்டது, மறுநாள் நான்கு தடவை போட்டது. கெய்ன்ஸ் நகரத்திலிருந்து ஹெலன் என்றொருத்தி தேடி வந்து மேனேஜர் ஆனாள். பிரிஸ்பேனில் ஒரு விழாவில் பத்தாயிரம் பேர் ஐஸ்பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆடினார்கள். மெல்போர்ன் பத்திரிகை ஒன்று, அந்தப் பாட்டின் தாளத்தில் மூதாதையரின் மத்தளம் ஒலிப்பதாக எழுதியது. அது ஐஸ்பெட்டியின் மூடி. அவன் கிளம்பிய அன்று டமாரிஸ் வேறொரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். கூடத்தில் அவன் மூடியை அறைந்து சாத்தியது, திறந்து மறுபடி சாத்தியது, எல்லாம் அதில் விழுந்துவிட்டது; அதையே பிறகு இந்தப் பாட்டுக்குத் தாளமாக்கினாள். பத்திரிகை எழுதியதை அவள் மறுக்கவில்லை.

நியாயம் கேட்டு முதலில் வந்தது ஈனோசாவின் அம்மா, ஆன்ட்டி யூனிஸ். தேவாலயப் பாடகர் குழுவில் டமாரிஸுக்குப் பக்கத்தில் நிற்பவர். இரண்டு மாதம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடியும் ஒரு வார்த்தை பேசாதவர், ஒருநாள் வீட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு புள்ள. நானே அடுப்படியில பாடிட்டிருக்கேன். பாதியிலதான் ஞாபகம் வருது, திட்டு வாங்குறது எம் பையன்னு."

டமாரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பெட்டி யாருது?"

"ஈனோசாவோடது, ஆன்ட்டி."

"அடியில அவன் பேரு இருக்கா இல்லையா?"

"இருக்கு, ஆன்ட்டி. ஆனா 'உன் ஐஸ்பெட்டியைத் தூக்கிட்டுப் போ'ன்னு பாடினா யாரு அழுவாங்க?"

ஆன்ட்டி யூனிஸ் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் விடவில்லை. தீவில் எவள் வீட்டுக்குப் போனாலும் அவனைக் கண்டதும் ஐஸ்பெட்டியை ஒளித்து வைக்கிறார்களாம், இப்படியே போனால் தனக்குப் பேரப்பிள்ளை கிடைத்த மாதிரிதான் என்றார். வெளியே போய்விட்ட பாட்டை இனி மாற்ற முடியாது என்று டமாரிஸ் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவனே எழுதிக்கொண்டு வரட்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஈனோசா அவளுடைய பின்னறையில் வந்து நின்றான். பயணிகள் பட்டியல் ஒன்றின் பின்புறத்தில் எழுதியிருந்தான். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றான். காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உயிர்காப்பு உடுப்பு பற்றிச் சொல்கிற அதே குரலில் படித்தான்.

"பெட்டி என்னுது. அடியில பேர் இருக்கு.
மூடியைச் சாத்தினேன், நீ வருவேன்னு.
திறந்து மறுபடி சாத்தினேன், நீ வருவேன்னு.
வாசல்ல நின்னு செருப்பை மெதுவா மாட்டினேன்.
நீ வரல.
சத்தம் சரியாப் பதிஞ்சிருக்கான்னு பார்த்திட்டிருந்த."

இத்தனை நாளும் டமாரிஸ், ஐஸ் போதுமா என்று பார்க்கத்தான் அவன் இரண்டாம் தடவை திறந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் வாசலில் நின்ற நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது பார்த்து அவள் மண்டைக்குள் இன்னொருத்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்: அந்த 'நீ வரல', மூடியின் இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் கச்சிதமாகப் போய் உட்காரும். அதை நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"மைக்லயா?"

"இல்ல. சும்மா, எங்கிட்டச் சொல்லு."

சொன்னான். இந்தத் தடவை காகிதத்தைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுச் சுவரோர மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். டமாரிஸ் மன்னிப்புக் கேட்டாள். பாட்டுக்காகவா, அன்றைக்காகவா என்று அவன் கேட்டான். இரண்டுக்கும் என்றாள். அவன் காகிதத்தை நான்காக மடித்தான்.

"சரி," என்றாள் பிறகு, "இப்ப மைக்ல சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னைத் திருத்தவே முடியாதுடி," என்று சொல்லிக்கொண்டே போய் அவனே மின்விசிறியை அணைத்தான்.

அந்தப் பதிவை வெளியிட வேண்டாம் என்று ஹெலன் போனில் கெஞ்சினாள். நாடே உன் பக்கம் இருக்கிறது, நீயாகப் போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்றாள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள் டமாரிஸ். ஈனோசாவின் குரலோடு அந்தப் புதிய பாட்டை வெள்ளிக்கிழமை வெளியிட்டாள். திங்களன்று ரொட்டிக் கடையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்து, "நீ வரல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். ஆன்ட்டி யூனிஸ் மட்டும் நடக்கும்போதே கொஞ்சம் ஆட்டத்துடன் நடந்தார்.

படகில் பாட்டு நின்றது. அதற்குப் பதிலாக ஈனோசா மைக்கை எடுத்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவனும் உயிர்காப்பு உடுப்பைப் பற்றி நிறுத்தி, நிதானமாக, ஏக்கத்தோடு சொல்லப் பழகிக்கொண்டான். அறிவிப்பு முடியும் முன்பே கரை வந்துவிடுகிறது என்று படகோட்டி மேலிடத்தில் புகார் செய்தார். கச்சேரிக்கு வருகிறாயா என்று டமாரிஸ் கேட்டபோது, தனக்கு வேலை இருக்கிறது என்றான். அவர்கள் மறுபடி சேரவில்லை. ஆனால் தெருவில் பார்த்தால் நின்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் டமாரிஸின் வீட்டு வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஈனோசாவுக்கு நியாயம் கிடைத்தது என்றால் எங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று ஆளுக்கொரு வழக்கோடு வந்தார்கள். முதல் ஆள் குப்பை லாரி ஓட்டும் அங்கிள் ஜாபெஸ். முப்பது வருஷத்துக்கு முன் அங்கிள் பிடித்த வஞ்சிர மீனை, தான் பிடித்ததாகவே மச்சான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார் என்பது அவருடைய குறை. டமாரிஸ் அனுபவப்பட்டவள் அல்லவா, கணினியை மூடி வைத்தாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மீன் தூண்டிலைக் கவ்வும் இடத்துக்கு வந்ததும் அங்கிள் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நீ பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க? பதிவு பண்ணலியா? இதுக்காகவா நான் சட்டை மாத்திட்டு வந்தேன்?"

அடுத்த வருஷம் வந்த ஆல்பத்தில் பதினோரு பாட்டுகள், பதினோரு பேருடைய குறைகள். அதற்காக அவளுக்குச் சிறந்த தயாரிப்பாளர் விருது கிடைத்தது. அங்கிள் ஜாபெஸின் பாட்டு மூன்றாவது. பதிவு நடக்கும்போதே அதைப் பற்றிக் கேள்விப்பட்ட மச்சான், தனக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழாவது பாட்டு அவருடையது. அதில் மீன் இன்னும் ஒரு முழம் நீளம்.