லூசி நீட்டிய சொம்பு

1968 ஏப்ரலில் தீவின் ஹேடோ துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். டாலிகஞ்ச் வரை ஓடித் திரும்ப வேண்டும். கப்பலில் மூட்டை இறக்கும் சிலுவைராஜ்தான் ஜெயிப்பான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனைப் பழக்கியவன் அவன் மனைவி லூசியின் அண்ணன் இருதயநாதன். சொந்த ஊரில் இருந்த காலத்தில் இருதயநாதனும் ஓடிப் பரிசு வாங்கியவன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பயிற்சியில் சிலுவைராஜ் நாக்கு வறண்டு நின்றாலும், தாகத்தைத் தாங்கிப் பழகு என்பான் இருதயநாதன்.

தொடங்கி வைக்க வேண்டிய விருந்தினர் வரத் தாமதமானதால் வெயில் ஏறிய பிறகே ஓட்டம் தொடங்கியது. திரும்பும் வழியில் சிலுவைராஜ்தான் முன்னால் வந்தான். இருதயநாதன் பக்கத்திலேயே சைக்கிளில் வந்தான். ஜங்லிகாட் கடைகளுக்கு முன்னால் கூட்டம், “சலோ, சலோ” என்று இந்தியில் உற்சாகப்படுத்திக் கத்தியது. அங்கே லூசி பழைய சோற்றிலிருந்து வடித்து உப்புப் போட்ட நீச்சத்தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவனின் முகத்தில் வியர்வையே இல்லாததைப் பார்த்துப் பயந்து, குறுக்கே போய் நீட்டினாள். அவன் கையும் நீண்டது.

“வாங்காத மாப்ள, இன்னும் கொஞ்சந்தான்” என்றான் இருதயநாதன்.

கை கீழே இறங்கியது. ஹேடோ ஏற்றத்தில் சிலுவைராஜ் பாதை மாறி ஓடினான், விழுந்தான். தொட்டவர்கள், உடம்பு அடுப்பாய்க் கொதிக்கிறது என்றார்கள்.

பல நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். உயிர் பிழைத்தது, சூடு மூளையைப் பாதித்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. துறைமுக வேலை போயிற்று. வலை பின்னலாம் என்றால் விரல்கள் நடுங்கின. லூசி நாலு வீட்டில் வேலைக்குப் போனாள். அண்ணனிடம் பேசுவதை விட்டாள். அவன் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து, உள்ளே வராமல் வாசலிலிருந்தே மாப்பிள்ளையைக் கைப்பிடித்து நடக்கக் கூட்டிப் போவான்.

அடுத்த வருஷம் ஒருநாள் ஜங்லிகாட்டில், வேலை முடிந்து வந்த லூசி, நடக்க வந்த கணவனையும் அண்ணனையும் எதிரில் கண்டு அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து புதிதாய் வந்து கடை போட்டிருந்த குழந்தைவேலு, தன் அரிசி மூட்டையில் மோதிய சிலுவைராஜைப் பிடித்துத் தள்ளினார். பொழுது இருட்டும் முன்னேயே தண்ணி போட்டுவிட்டு வருகிறான் என்று ஏசினார்.

லூசி நடுவில் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

“இவரு தண்ணி போடலங்க. தாகத்துக்குத் தண்ணி குடிக்க விடாமத்தான் இப்படி ஆயிட்டாரு.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. இருதயநாதனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின.

சிலுவைராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான்.

“நாந்தான்... வாங்கல... மச்சான்.”

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் அவனது ஒரு கையை லூசியும் மறுகையை இருதயநாதனும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். வாசலில் இருதயநாதன் கையை விட்டுவிட்டு நின்றான். உள்ளே வா என்று லூசியால் சொல்ல முடியவில்லை. கணவனைத் தாங்கியபடி படியேறினாள்.