வண்டித்தடத்தில் தரைதட்டிய தெப்பம்

ஏரி நடுவில் தெப்பம் கரகரவென்று உரசி நின்றபோது ஜோசபினுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே. வண்டித்தடத்தோடு போகச் சொன்னவள் அவள்தான்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை, ஏரியைச் சுற்றிப் போகும் மலைச்சாலையின் ஒரு வளைவையே அறுத்துக்கொண்டு போயிருந்தது. படவேட்டிலிருந்து லாரியில் வந்த ஆயில் இன்ஜின் ஏரியின் இக்கரையோடு நின்றுவிட்டது. அக்கரையில் ஜோசபினின் சாமை மில்லுக்குச் சுவரும் கூரையும் தயார். சாமை அறுவடை முடிந்து, உரலில் குத்திக் குத்திக் கை காய்த்த பெண்கள் காத்திருந்தார்கள். அடிவாரத்துக் கரும்புவெட்டு வேலையை விட்டு மலையேறி வந்த ஜோசபினுக்கு அந்த இன்ஜினைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

அவள் தம்பி செல்வநாதன் மெக்கானிக். காலித் தார் பீப்பாய்களின் வாயை அடைத்து, மூங்கிலோடு பிணைத்துத் தெப்பம் கட்டினான். பீப்பாய் மிதப்பதில் மாயம் ஒன்றுமில்லை. அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை, மொத்தச் சுமையின் எடைக்குச் சமமாகும்வரை அமிழும், அதோடு நின்றுவிடும். இன்ஜின் ஏறியதும் பீப்பாய்கள் ஏறக்குறைய முழுதாக அமிழ்ந்தன. வழியெல்லாம் அந்த ஆழம் இருந்தால் போதும்.

இருக்கவில்லை. கோடையில் ஏரி வற்றினால் மாட்டுவண்டிகள் அதற்குள் இறங்கித்தான் அக்கரைக்குப் போகும். எல்லாருக்கும் தெரிந்த வழி என்று ஜோசபின் அதையே காட்டினாள். ஆனால் சக்கரம் சேற்றில் புதையாமலிருக்க, வருஷா வருஷம் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கிய தடம் அது. வண்டிக்கு எது நல்ல வழியோ, அதுவே தெப்பத்துக்குப் பொல்லாத வழி.

"தடத்துக்குத்தான் வந்துட்டோமே, மாட்டைப் பூட்டிடலாமாக்கா?" என்றான் செல்வநாதன், தொடையளவுத் தண்ணீரில் நின்றபடி.

"வாயை மூடிக்கினு கழியை ஊனுடா."

நான்கு பக்கமும் ஆட்கள் கழி ஊன்றிப் பார்த்தார்கள். அசையவில்லை. கப்பலே தரைதட்டினாலும் முதலில் செய்வது சுமையைக் குறைப்பதுதான். இன்ஜினோ ஒரே இரும்புக் கட்டி. இறக்கினால் சேற்றுக்குள் போய்விடும். அப்படியென்றால் தண்ணீரைத்தான் உயர்த்த வேண்டும். கடலில் வேளைக்கு வேளை நீர் உயரும் ஏற்றம் அதைச் செய்துவிடும். ஏரிக்கு ஏற்றம் கிடையாது. ஆனால் கோடி உண்டு.

நிரம்பிய ஏரியின் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கற்கட்டுதான் கோடி. அதன்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். அவற்றின் இடைவெளிகளில் பலகை சொருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரி இன்னும் ஒரு சாண் ஏறும். மழைத் தண்ணீரோடு மலையோடை வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது. ஜோசபின் பலகை தேடிக்கொண்டு கோடிக்குப் போனாள்.

அங்கே வேடியப்பன் வழிமறித்தார். ஏரிக்கரைக்கு நேர் கீழே, கதிர் சாய்ந்து நின்ற நெல் அவருடையது.

"கரை ஒட்சிக்கினா என் நெல்லுக்கு யாரு பதில் சொல்றது? உன் இஞ்சினா?"

ஆபத்து வந்தால் எப்படித் தெரியும் என்று ஜோசபின் கேட்டாள். அவர் அவளைக் கரையின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கசிவைக் காட்டினார். மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. மண் தன் இடத்தில் இருக்கிறது. கலங்கிக் கசிந்தால், தண்ணீர் உள்ளே மண்ணை அரித்து வழி பண்ணுகிறது என்று பொருள்.

"கலங்குச்சுன்னா நானே பலகையைப் புடுங்கிடறேங்க," என்றாள். "தெப்பம் எழும்பலைன்னாலும் புடுங்கிடறேன்."

வேடியப்பன் கசிவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "சொருவு. நான் இங்கியேதான் குந்தினு இருப்பேன்."

காலையில் அடைத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. ஊன்றிவைத்த குச்சியில் தண்ணீர் விரல் விரலாக ஏறியது. தெப்பத்திலிருந்து அக்கரைப் புளியமரத்துக்கு வடம் கட்டி, ஆட்கள் அதன் பக்கத்தில் காத்திருந்தார்கள். தெப்பத்தின் ஒரு மூலை லேசாக ஆடத் தொடங்கியபோது, கரைக்கடியில் வேடியப்பன் துண்டை வீசுவது கரைமேல் நின்ற ஜோசபினுக்குத் தெரிந்தது. கசிவு கலங்கிவிட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று உடனிருந்த ஆட்கள் சொன்னார்கள். ஜோசபின் காதில் வாங்காமல் கோடிக்கு ஓடி, பலகைகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தாள். ஏரித்தண்ணீர் இரைந்துகொண்டு வெளியேறியது.

ஆனால் ஏரி அகலமானது, கோடி குறுகலானது. அரை நாளாக ஏறிய தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிவிடாது. அந்த அவகாசம்தான் இனி அவளுக்கு மிச்சம். தண்ணீரில் பாய்ந்து தெப்பத்தை எட்டினாள்.

பீப்பாய்களைச் சேறு கவ்வியிருந்தது. அடியில் தண்ணீர் புகாதவரை சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு இழுத்தாலும் விடாது. அக்காவும் தம்பியும் ஒரு கயிற்றைப் பீப்பாய்களுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தார்கள். குமிழிகள் கிளம்பின. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"இப்ப இழுங்க," என்றாள்.

வடம் விறைத்தது. தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சளக்கென்று சேற்றை விட்டு, தடத்தைத் தாண்டி ஆழத்துக்குள் நழுவியது.

அக்கரையில் அதை மரத்தோடு கட்டியதும் ஆட்கள் இன்ஜினை இறக்க முட்டுக்கட்டை தேடினார்கள். ஜோசபின் அவர்கள் கையில் கூடைகளைத் திணித்தாள்.

"இஞ்சினை இறக்கிட்டுப் போலாமேக்கா," என்றான் செல்வநாதன்.

"அது எங்கியும் போவாது. கரை போய்டும்."

கரைக்கடியில் வேடியப்பன் ஒற்றை ஆளாகக் கசிவின்மேல் மணல் கொட்டிக்கொண்டிருந்தார். மணல் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காலடிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. நகர்ந்து இடம் மட்டும் விட்டார். ஜோசபின் முதல் கூடையைக் கவிழ்த்தாள்.