ஒரு படி தவிடு

பாவி மகன்கள் வெள்ளைக்காரனை விரட்டினார்கள், சரி. அவன் விட்டுப்போன பசுக்களையாவது விட்டார்களா? துரை பங்களாவின் மாட்டுக் கொட்டகையை ஜப்பான்காரன் அப்படியே எடுத்துக்கொண்டான். கறக்கிற பால் முழுக்க லாரி ஏறி போர்டிக்சன் முகாமுக்குப் போய்விடும். மம்பாவுக்கு அப்பாலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மாடுகளுக்குத் தீனி கலந்து பால் கறந்து கொடுப்பது மயிலம்மாளின் வேலை. புருஷன் நல்லசாமியைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான், ஒரு சேதியும் இல்லை. அவளுக்கென்று மிஞ்சியது மகள் பஞ்சாலை ஒருத்திதான்.

தீனி கலப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் தொட்டிப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, காய்ந்த மரவள்ளித் தோல், உப்பு. தவிடு குறைந்தால் பால் இறங்கும். புண்ணாக்கு கூடினால் மாடு கழியும். மரவள்ளித் தோல் ஈரத்தோடு உள்ளே போனால் விஷம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். மயிலம்மாள் ஒவ்வொரு பசுவுக்கும் அதன் வயிறறிந்து கலந்து வைத்தாள்.

மகளின் வயிற்றுக்குத்தான் எதுவும் இல்லை. காலையும் மாலையும் அவித்த மரவள்ளி, வெறும் மரவள்ளி. ஒருநாள் பஞ்சாலையின் கால்கள் புசுபுசுவென்று தெரிந்தன. பிள்ளை சதை போடுகிறாள் என்று சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி! மாட்டைப் பார்த்தே நோயைச் சொல்லுகிறவளுக்கு மகளைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்தான் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திக் காட்டினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"வெறும் கிழங்கு தின்னா இப்படித்தான் நீர் கோக்கும். நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா பிள்ளை தங்காது. தவுடு கொடு."

"தவுடா? மாட்டுக்குப் போடுறதா, ஐயா?"

"அதேதான் லா. மருந்து இருந்தா நான் கொடுக்க மாட்டேனா?"

தவிட்டைத் தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் சன்னாசி காலையில் அளந்து கொடுப்பார். ஒரு பிடி குறைந்தாலும் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பாலில் தண்ணீர் கலந்தான் என்று ஒருவனை வெயிலில் மண்டியிட வைத்தார்கள், அவன் பிறகு எழுந்திருக்கவேயில்லை. இதெல்லாம் மயிலம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தாள். பெற்ற மனம் பித்து. ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு போய், வறுத்து, உப்புப் போட்டு உருண்டை பிடித்தாள்.

பஞ்சாலை முகத்தைச் சுளித்தாள். "நான் என்னா மாடாம்மா?"

"ஆமாண்டி, எங்கன்னுக்குட்டி. வாயைத் திற."

எடுத்த தவிட்டுக்கு ஈடாக நன்றாகக் காய்ந்த தோலையும் இளம்புல்லையும் தொட்டியில் கூட்டிவைத்தாள். பால் இறங்கவில்லை. மகளின் காலில் விழுந்த குழி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நம்பினாள்.

கடவுளுக்கு வேறு வேலை இருந்திருக்கும். தவிட்டுப் படியைப் பாதியாக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. வெயிலே முகம் காட்டவில்லை, தோல் காயவில்லை. தவிட்டை மகளுக்குக் கொடுத்தால் மாட்டுக்கு இல்லை, மாட்டுக்கு வைத்தால் மகளுக்கு இல்லை. பால் குறைந்தாலோ லாரிக்காரன் கேள்வி கேட்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவள், கடைசியில் ஈரத் தோலை அள்ளினாள். முகர்ந்து பார்த்தாள். கசப்பு வாடை அடித்தது. கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டியில் போட்டாள்.

மதியத்துக்குள் செவலைப் பசு விழுந்துவிட்டது. வாயில் நுரை தள்ளியது, கால்கள் விறைத்தன. அவள் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அடியே, உன்னை நான் கொன்னுட்டேனே!" என்று கதறினாள். செவலை அவளையே பார்த்துக்கொண்டு செத்தது.

சத்தம் கேட்டு வந்த சன்னாசி தொட்டியிலிருந்து ஒரு தோலை எடுத்து ஒடித்துப் பார்த்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. அவர் பார்வை அவள் முந்தானைக்குப் போனது. அதில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை.

"நாகம் தீண்டிருச்சுன்னு சொல்லிக்கிறேன். ஆனா மயிலு, இனிமே ஒரு பிடி போச்சுன்னா உந்தலையும் போகும், எந்தலையும் போகும். மிச்ச மாடுங்கதான் செவலை பாலையும் சேர்த்துக் கொடுக்கணும். தெரியுதா?"

"பிள்ளைக்கு நீர் ஏறிடும், மண்டோரய்யா."

அவர் தொட்டியிலிருந்த ஈரத் தோலை வாரி வெளியே எறிந்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி வெள்ளையம்மா, மயிலம்மாள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தாள். பெற்றதையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்தவள். கோலா கிளாவாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே மலையடியில் நெல் விளைகிறது, உரலில் குத்திச் சாப்பிடுகிறார்கள், தவிட்டுக்குப் பஞ்சமில்லை.

"பஞ்சாலையை எங்கிட்டக் கொடு, மயிலு. பிழைச்சுக்குவா."

"நானும் வந்திடுறேங்கக்கா."

"நீ போயிட்டா மாட்டை யாரு பாக்குறது? உன்னைத் தேடி ஆள் வரும், எல்லாரும் மாட்டிக்குவோம்."

"அப்போ சண்டை முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிறேன்."

வெள்ளையம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வேணாம். வளர்த்துத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்ல. கொடுத்தா ஒரேயடியாக் கொடு. எம் பிள்ளைன்னு கொடு."

மயிலம்மாள் மகளின் காலைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். குழி மறுபடியும் நின்றது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? "கூட்டிக்கிட்டுப் போங்கக்கா" என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள், பிறந்த பிள்ளையை இன்னொருத்திக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவது நம்முடைய பழக்கம். எமனை ஏமாற்றுகிற விளையாட்டு. வெள்ளையம்மாவும் முறையை விடவில்லை. கோழிக்கென்று வைத்திருந்ததை வழித்தெடுத்து, ஒரு படி தவிட்டைத் துணியில் கட்டி மயிலம்மாள் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை எமனை ஏமாற்ற நிஜமாகவே விற்க வேண்டியிருந்தது.

பஞ்சாலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐய! அம்மா என்னைத் தவுட்டுக்கு வித்திருச்சு!" என்று கைகொட்டினாள். எந்தப் பிள்ளையைத்தான் நாம் அப்படிச் சொல்லிக் கேலி செய்யவில்லை? "நாளைக்கு வாங்கிருவேல்ல?"

"நீ பெரியம்மா சொல்றதைக் கேட்டு நட" என்றாள் மயிலம்மாள். மாட்டு வண்டி ரப்பர் மரங்களுக்குள் திரும்பும்வரை பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

கொட்டகையில் மாடுகள் கத்தின. சாயங்காலக் கறவைக்கு லாரி வந்துவிடும். படியளந்த தவிடு காலையிலேயே தீர்ந்திருந்தது. மயிலம்மாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, புண்ணாக்கை உதிர்த்து, உப்புப் போட்டாள். பிறகு துணி முடிச்சை அவிழ்த்து அந்த ஒரு படியையும் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுக் கலந்தாள். பசுக்கள் முட்டி மோதிக்கொண்டு வந்து தின்றன.

"தின்னுங்கடி, சிந்தாமத் தின்னுங்க. அது எம் பிள்ளை."