இருட்டரசனின் முகம்

என் தம்பி ஒரு மாதப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். அவனுடைய ‘வெள்ளிச் சிறகன்’ மாதம் ஒருமுறை பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுவான். யாரிடமிருந்து என்றால், என்னிடமிருந்து. வில்லன் இருட்டரசனுக்கு என் முகம்தான். ஏன்டா என்று கேட்டால், “சும்மா இருந்தாலே உனக்குத்தான்ணா கோவமா இருக்கற மாதிரி முகம்” என்பான்.

நான் அரசு பஸ் ஓட்டுகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பென்சிலும் பலகையுமாக வந்துவிடுவான். சமையலறை நாற்காலியில் என்னை உட்கார வைத்து, “முறை... பல்லைக் கடி... இப்ப ஊரையே கொளுத்தப் போற” என்பான். நான் முறைப்பேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு நிஜமாகவே கோபம் வரும். டக்கென்று அதைப் பிடித்து வரைந்துவிடுவான். “இதுங்களுக்கு வயசே ஏறாது” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு டீ போடுவாள்.

தேர்தல் வந்தது. பத்திரிகை முதலாளி ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார். வெள்ளிச் சிறகனின் சிறகுக்கு அவர்கள் கொடியின் நிறம் ஏறியது. நாங்கள் டிப்போவில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நேரம். சங்கத்துக்காகக் கூட்டங்களில் பேசுகிறவன் நான். அந்த இதழில் பஸ்ஸை மறித்த கும்பலை வெள்ளிச் சிறகன் அடித்து நொறுக்கினான். கும்பலுக்குத் தலைவன் இருட்டரசன். அதுவரை அணையை உடைப்பதும் பாங்கைக் கொள்ளையடிப்பதுமாக இருந்தவன், “எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட மாட்டோம்!” என்று எங்கள் கோஷத்தைக் கத்தினான். அந்தப் பக்கத்தை மட்டும் கட்சிக்காரர்கள் பெரிதாக அச்சடித்து டிப்போ சுவரெங்கும் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் டிப்போ வாசல் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததும், “டேய், இருட்டரசன் பேசுறான்டா!” என்று ஒரு குரல். தெருவே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். எனக்குப் பிறகு பேச யாரும் முன்வரவில்லை. வாரம் முடிவதற்குள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

தம்பி ஓடி வந்தான்.

“நான் படம் மட்டும்தான்ணா போட்டேன். வாய்கிட்ட போடற பலூனைக் காலியா விட்டுத்தான் குடுப்பேன்னு உனக்கே தெரியும். வசனத்தை ஆபீஸ்லதான் நிரப்புறாங்க. பஸ்ஸை மறிக்கற கும்பல்னாங்க, ஏதோ கொள்ளைக் கூட்டம்னு நினைச்சேன்.”

“வாய் என்னோடதுடா. அதுல எவன் நிரப்பினா என்ன?”

“அடுத்த மாசம் மாத்திடறேன்ணா.”

“மாத்து. இனிமே என் மூஞ்சிய வரையாத. என் மூஞ்சியில முழிக்கவும் முழிக்காத.”

மனைவி குறுக்கே வந்தாள். நான் கேட்கவில்லை. தம்பி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான்.

அடுத்த இதழை வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. கடையிலேயே நின்று பிரித்தேன். இருட்டரசனுக்கு வேறு முகம். மூக்கு மட்டும் எங்கள் குடும்பத்து மூக்கு. இடது புருவத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் நான் எறிந்த கல் பட்ட தழும்பு அது. பாவிப்பயல், கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் வெள்ளிச் சிறகன் மார்பில் மிதிக்க, இருட்டரசன் வாய் பிளந்து கிடந்தான். தம்பி காலியாக விட்ட பலூனில், “நான் துரோகி! என்னை மன்னிக்காதீர்கள்!” என்று ஆபீஸில் எவனோ நிரப்பியிருந்தான்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

“நீ சொன்னபடிதான்ணா இருக்கேன். போயிடு” என்று குரல் மட்டும் வந்தது. எவ்வளவு கெஞ்சியும் கதவு திறக்கவில்லை.

தம்பி வழக்கமாக வரும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சவரக் கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்து முறைத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். எதிரே உட்கார்ந்து சிரிக்க ஆளில்லாமல் எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது.