மூன்று பேராக நிற்கக் கூடாது

ஹுவே ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. லுவாவின் அம்மா மகளுடைய பெட்டியை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தாள். இறால் விழுது டப்பாவை நான்கு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, ரப்பர் வளையங்கள் சுற்றி, அதற்கு மேல் ஒரு பழைய சாக்ஸையும் மாட்டியிருந்தாள்.

"அம்மா, ஜப்பான்ல இதைப் பார்த்தா வெடிகுண்டுன்னு நினைப்பாங்க" என்றாள் லுவா.

"மோந்து பார்த்தா விட்ருவாங்க."

"மோந்து பார்த்தாதான் பிடிச்சு உள்ள போடுவாங்க" என்றாள் தோழி த்ராம். அம்மா உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

குயென் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். மூவரும் ஆறு வருடத் தோழிகள். கல்லூரியில் ஒன்றாக வேதியியல் படித்தவர்கள். லுவாவுக்கு ஜப்பானில் ஒரு பெயிண்ட் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். தா நாங் வரை ரயில், அங்கிருந்து மதிய விமானத்தில் ஹனோய், பிறகு ஜப்பான். தா நாங் வரை கூடப் போய் வழியனுப்பத் தோழிகள் இருவரும் ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தார்கள்.

குயெனுக்கு இன்று ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். லுவாவோடும் த்ராமோடும் தானும் இருக்கிற படம் ஒன்று. அப்படி ஒரு படம் அவளிடம் இல்லை.

காரணம் எளிமையானது. மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. ஹுவேயில் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆகவே மூவரில் ஒருத்தி எப்போதும் விலக வேண்டும். முதல் வருடம் விடுதி வாசலில் "நான் எடுக்கறேன்" என்று குயென் விலகினாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கை தானாக நீளும், போனை வாங்கிக்கொள்ளும்.

இன்று லுவாவின் அம்மா இருக்கிறாள். அவளையும் சேர்த்தால் நான்கு பேர். 'நீங்களும் வாங்கம்மா, யாரையாவது எடுக்கச் சொல்லலாம்.' பேருந்தில் வரும்போதே குயென் இந்த வாக்கியத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அதற்குள் த்ராம் குறுக்கே புகுந்தாள்.

"அம்மா, லுவா பக்கத்துல நில்லுங்க. குயென், எடுடி."

அம்மா நின்றாள். இடமும் வலமும் பார்த்தாள். உடனே விலகினாள்.

"மூணு பேரா? பயணம் போற நாள்ல? நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க."

குயென் இருவரையும் எடுத்தாள். ரயில் வந்துவிட்டது. ஏறும்போது அம்மா லுவாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விமானம் ஏறுற வரைக்கும் மூணு பேரா நின்னு படம் எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சரிம்மா, சத்தியம். கையை விடு, ரயில் போயிடும்."

பெட்டியில் மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வாழை இலையில் கட்டிய மரவள்ளிக் கொழுக்கட்டைகளை லுவா மடியில் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் இறால், தோலோடு. சாப்பிட்டுக்கொண்டே தன் போனில் படங்களைத் தள்ளினாள். ஜப்பானில் அறைச் சுவரில் ஒட்ட இருபது படங்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

"இது வேண்டாம், பன்னிக்குட்டி மாதிரி இருக்கேன்" என்றாள் த்ராம்.

"அதனாலதான் வேணும்."

குயென் எட்டிப் பார்த்தாள். துவான் ஆன் கடற்கரை, விடுதி மொட்டை மாடி, பட்டமளிப்பு நாள். எல்லாம் அவள் எடுத்தவை. பட்டமளிப்பு அங்கியை அவளும்தான் அன்று போட்டிருந்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். அவள் இருப்பது ஒன்றில். அது அறுபத்திரண்டு பேர் நிற்கும் வகுப்புப் படம். மூன்றாம் வரிசை. முன்னால் இருந்தவனின் தொப்பி அவள் முகத்தில் பாதியை மறைத்திருந்தது.

லாங் கோ தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்கியது. ஒரு பக்கம் கடல் தெரிந்தது. உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். அவித்த முட்டை, சோளம், கோப்பை நூடுல்ஸ். குயென் மூன்று சோளம் வாங்கினாள். காசைக் கொடுத்துவிட்டு, தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"அக்கா, எங்களோட ஒரு படத்துக்கு நிப்பீங்களா? நாங்க மூணு பேர்."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஓ, நாலாவது ஆளா? நிக்கறேன்." லுவாவின் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். "இவ எங்க போறா?"

"ஜப்பானுக்கு."

"என் மூஞ்சி ஜப்பான் போகுது, நான் போகலை பாரு. இரு, இந்தக் கோலத்துலயா போறது? லிப்ஸ்டிக் இருக்காடி?"

த்ராம் கொடுத்தாள். அந்த அக்கா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகப் பூசினாள். தொப்பியைக் கழற்றினாள். முடியை அவிழ்த்தாள். திரும்பக் கட்டினாள்.

"அக்கா, கல்யாணப் பொண்ணு நீங்க இல்ல" என்றாள் லுவா.

"பொறுடி. ஜப்பான்ல யாராவது கேட்டா என் நம்பரைக் குடு."

நான்கு பேரும் ஒரே இருக்கையில் நெருங்கினார்கள். லுவா கையை நீட்டிப் போனைப் பிடித்தாள். ரயில் குகைக்குள் நுழைந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை. போனின் 'கிளிக்' சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் வந்தபோது அடுத்த பெட்டி வாசலில் டிக்கெட் பரிசோதகர் நின்று கத்திக்கொண்டிருந்தார். "வண்டி யாருது? வழியை அடைச்சுக்கிட்டு!" அக்கா தொப்பியை அள்ளிக்கொண்டு ஓடினாள். லிப்ஸ்டிக்கும் அவளோடு போய்விட்டது.

படத்தில் முழு இருட்டு.

"அழிச்சிடறேன்" என்றாள் லுவா.

"எனக்கு அனுப்பிட்டு அழி" என்றாள் குயென்.

லுவா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

தா நாங்கில் இறங்கி ஆளுக்கொரு கிண்ணம் மீ குவாங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். யாருக்கும் பசியில்லை, ஆனாலும் சாப்பிட்டார்கள். விமான நிலையத்தில் லுவா பெட்டியை எடை போட்டு அனுப்பினாள். இறால் விழுது தப்பித்தது. ஒன்றரை மணிக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே போக வேண்டும். பத்து நிமிடம் இருந்தது.

"கடைசியா ஒண்ணு" என்றாள் த்ராம், லுவாவின் தோளில் கை போட்டபடி. "குயென், எடு."

குயென் போனை எடுக்கவில்லை.

"இன்னைக்கு நான் எடுக்கலை."

"ஏண்டி, சார்ஜ் இல்லையா?"

"இருக்கு." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அந்த வகுப்புப் படத்தை விட்டா, ஆறு வருஷத்துல உங்களோட நான் ஒரு படத்துலகூட இல்லை."

"சும்மா புளுகாத" என்றாள் லுவா. தன் போனைத் திறந்து தள்ளினாள். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. த்ராமும் தன் போனை எடுத்துத் தேடினாள். சோதனை வரிசை இரண்டடி நகர்ந்தது.

"நீதானே எப்பப் பாரு நான் எடுக்கறேன் நான் எடுக்கறேன்னு வருவே?" என்றாள் த்ராம். அவள் குரலில் சண்டை இருந்தது. "கேமரான்னா உனக்கு வெக்கம்னு நினைச்சோம்."

"வெக்கம்தான்."

"அப்புறம் என்ன?"

"வெக்கமா இருந்தாலும் இருக்கணும்னு தோணும்ல."

த்ராம் போனைப் பைக்குள் போட்டாள். "சரி, மூணு பேரும் நிக்கலாம். அந்த செக்யூரிட்டி அண்ணனை எடுக்கச் சொல்றேன். படிச்சவங்கதானே நாம? நடுவுல நின்னா சாவுன்னு எந்த சமன்பாட்டுல இருக்கு?"

"எதுலயும் இல்ல" என்றாள் லுவா. "நடுவுல யாரு நிக்கறது?"

வேதியியல் பட்டதாரிகள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் நிக்கறேன்" என்றாள் குயென்.

"வாயைக் கழுவு!" லுவா கத்தியதில் வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். "மூணு வருஷம் நான் அங்க உக்காந்துக்கிட்டு, உனக்கு ஒரு ஜுரம்னாகூட இந்தப் படத்தை நினைச்சுப் பயந்துக்கிட்டே இருக்கணுமா?"

பிறகு அவள் தன் போனை த்ராமின் கையில் திணித்தாள்.

"நீ எடு. நானும் அவளும் மட்டும். அப்புறம் நான் உங்க ரெண்டு பேரையும் எடுக்கறேன்."

த்ராம் போனை வாங்கிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடங்களில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நான்கு அடி பின்னால் போனாள்.

குயெனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையின் வாரைப் பிடித்தாள். விட்டாள். லுவா அவள் இடுப்பைச் சுற்றி இழுத்து ஒட்டிக்கொண்டாள். ஆலையிலிருந்து அனுப்பியிருந்த புதுச் சட்டை மொடமொடவென்று இருந்தது.

"இங்க பாரு. என்னை இல்லடி, கேமராவை."

த்ராம் எடுத்தாள். இருவரும் ஓடிவந்து பார்த்தார்கள். படத்தில் லுவா நன்றாக விழுந்திருந்தாள். குயெனின் கண்கள் இறுக மூடியிருந்தன. ஊசி போட நீட்டிய கையைப் பார்க்கப் பயந்தவள் போல் இருந்தது முகம்.

ஹனோய் விமானத்துக்கான பயணிகளை ஒலிபெருக்கி அழைத்தது.

"நேரமாச்சு" என்றாள் த்ராம்.

"இன்னொண்ணு எடு" என்றாள் குயென்.

லுவா வரிசையைப் பார்த்தாள். தோளிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தாள்.