லாரிக்குப் பின்னால் நின்றவர்

சிப்பாய்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தால் அவர்கள் பக்கம் நின்று வாதாடுவது என் தொழில். முகாம் வாசலுக்கு எதிரே, சலவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் என் அலுவலகம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று என் கணவர் சொல்வார். இருக்கட்டுமே. என் கட்சிக்காரர்களில் ஒருவருக்கும் கோபமே வராது. அவர்களுக்கும் சேர்த்து யாராவது கோபப்பட வேண்டாமா?

அன்று வந்த சார்ஜண்ட் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தார். முகாமின் வண்டிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். சட்டைக் கையில் மூன்று பட்டை. பக்கத்தில் அவர் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

"லாரி பின்னால வந்து தண்ணித் தொட்டியில இடிச்சிருச்சு மேடம். தொட்டி சாஞ்சு உடைஞ்சுபோச்சு. யாருக்கும் அடி இல்ல."

"நீங்களா ஓட்டினீங்க?"

"இல்ல மேடம். டிரைவர்."

"அப்ப யார் தப்பு?"

"என் தப்பு மேடம்."

"ஓட்டாதவர் தப்பு எப்படி உங்க தப்பாகும்?"

"என் பிரிவு மேடம்."

இதுதான் இவர்களோடு எனக்கு இருக்கும் தீராத வியாதி. பிரிவில் ஒரு போல்ட் கழன்றால்கூடப் பிரிவின் தலைவர் முன்னால் வந்து "என் தப்பு" என்று சொல்லிவிட வேண்டும். அது அங்கே மரியாதை, பெருமையும்கூட. பெரும்பாலும் மேலதிகாரி ஒரு முறை முறைத்துவிட்டு விட்டுவிடுவார். இந்த முறை விஷயம் அப்படி முடியவில்லை. தொட்டி போனதால் முகாம் முழுக்க இரண்டு நாள் குளிக்கவில்லை. புழுக்கம் வேறு. குளிக்காத ராணுவத்துக்கு யாரையாவது தண்டிக்காமல் தூக்கம் வருமா? முதல் விசாரணையில் அவர் வாயால் சொன்ன "என் தப்பு" அப்படியே ஒப்புதலாகிவிட்டது. லாரிக்குப் பின்னால் ஆளை நிறுத்தாமல் வண்டியை எடுக்கவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

"நிரூபணம் ஆச்சுன்னா மூணு பட்டையில ரெண்டு போயிரும்" என்றார் அவர், வானிலை சொல்வதைப்போல.

"பட்டையோட குவார்ட்டர்ஸும் போயிரும், அதைச் சொல்ல மாட்டாரு" என்றார் மனைவி. "அந்த வீடு சார்ஜண்ட்டுக்குத்தான் குடுப்பாங்க. இவரு சிப்பாய்ங்களோட போய்ப் படுத்துக்குவாரு. நானும் ரெண்டு பொண்ணுங்களும் எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். முதல் வாரம் அங்க நான் விருந்தாளி. அதுக்கப்புறம் அந்த வீட்டு வேலைக்காரி. எனக்கு அண்ணியைத் தெரியும் மேடம்."

சார்ஜண்ட் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது, பயம் இல்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. மனுஷன் குடும்பமே தெருவுக்கு வரப்போகிறது, இவர் பாட்டுக்குக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று.

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். டீசலும் கிரீஸும் மணக்கும் பெரிய தகரக் கொட்டகை. தூணுக்குத் தூண் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே விதியை எழுதியிருந்தார்கள். பின்னால் ஆள் நின்று கை காட்டாமல் வண்டியைப் பின்னே எடுக்கக் கூடாது. கை காட்டுபவர்தான் அந்த நேரத்துக்கு எஜமான். டிரைவர் கண்ணாடியில் அந்தக் கையை மட்டும் பார்க்க வேண்டும், வேறு எதையும் யோசிக்கக் கூடாது. இடித்தால் கை காட்டியவர் பொறுப்பு.

டிரைவருக்கு அங்கே 'பிரேக்' என்று பட்டப்பெயர். எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிறவர், தொந்தியைத் தடவிக்கொண்டே பேசுகிறவர். ஒரு டயரின் மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டு பதில் சொன்னார்.

"அன்னைக்குக் காலையில பின்னால யாராவது நின்னாங்களா?"

"நிக்காம நான் எடுக்க மாட்டேன்மா. சார்ஜண்ட்தான் நின்னாரு."

"அவர் கை காட்டினாரா?"

"முதல்ல காட்டினாரு. அப்புறம்..." என்று இழுத்தார். "அப்புறம் கை மாறிச்சு. 'வா வா வா'ன்னு சத்தம் வந்துச்சு. வந்தேன்."

"யார் கை?"

"கைம்மா."

"கைக்கு மேல ஒரு முகம் இருந்திருக்குமே?"

பிரேக் டயரிலிருந்து எழுந்தார். தொந்தி உள்ளே போனது. குதிகால்கள் ஒட்டின, கட்டைவிரல்கள் கால்சட்டைத் தையலில் போய் நின்றன. "எனக்குச் சரியாத் தெரியலைம்மா" என்றார், என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு.

சார்ஜண்ட்டை நினைத்தால் பிரேக் டயரில் சாய்ந்துகொள்கிறார். இன்னொருவரை நினைத்தால் உடம்பு தானாக விறைத்து நிற்கிறது. அந்த முகாமில் நினைப்பிலேயே இப்படி நிற்க வைக்கும் ஆள் ஒருவர்தான். முகாமின் தலைவர், கர்னல். எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். காலையில் நடந்து சுற்றிவரும் பழக்கம் உள்ளவர். எந்த வேலையைப் பார்த்தாலும் தானே இறங்கிச் செய்துகாட்டும் பழக்கமும் உண்டு என்று சலவைக் கடைக்காரர்வரை எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் சார்ஜண்ட்டை அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "உங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுப் பெரியவர் கை காட்டினாரு. அதுதானே?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லைன்னு சொல்லுங்க. உங்க வாயில இருக்கிறது கொழுக்கட்டையா?"

"அதை நான் சொல்லக் கூடாது மேடம்."

"அவரைக் காப்பாத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது? அவரு உங்களைக் காப்பாத்தினாரா?"

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப நானே அவரைச் சாட்சியாக் கூப்பிட்டுக் கேக்கப்போறேன். உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா வேற வக்கீலைப் பாத்துக்குங்க" என்றேன்.

"கேளுங்க மேடம்" என்றார் கடைசியில். "கேக்கறது தப்பில்ல."

விசாரணை முகாமின் நூலக அறையில் நடந்தது. புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி, ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். நடுவராக வேறொரு முகாமிலிருந்து வந்த பெண் அதிகாரி, குரலே உயர்த்தாத மனுஷி. நான் பெரியவரைச் சாட்சியாக அழைத்தேன். சாட்சி என்ன சொல்வார் என்று தெரியாமல் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எனக்குத் தெரியாது. இவர் "நான் அங்கேயே இல்லை" என்று சொல்லிவிட்டால் சார்ஜண்ட் கதை கந்தல்தான்.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. உறுதிமொழி எடுத்தார்.

"தொட்டி உடைஞ்ச அன்னைக்கு, லாரி பின்னால வந்தப்போ கை காட்டினது யாரு சார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "சார்ஜண்ட் அங்கதான் நின்னாரு. ரொம்ப மெதுவாக் கொண்டுவர்றாருன்னு தோணுச்சு. தள்ளிப் போகச் சொல்லிட்டு நான் நின்னேன். தொட்டிக்கு எவ்வளவு தூரம்னு தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலை" என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். ஆனால் மனுஷன் சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அந்த முகாமில் அவரிடம் உத்தரவு கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். யார் செய்தது என்று கேட்க யாருக்கு வாய் வரும்? விசாரித்தவர்களும் அவருக்குக் கீழே இருப்பவர்கள்தானே. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா என்ன?

குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. மூன்று பட்டைக்கும் ஆபத்தில்லை என்று நடுவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் மேல் தனி விசாரணை நடக்கும் என்றும் சொன்னார். அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் சார்ஜண்ட் தன் மனைவிக்குப் போன் செய்தார். "வீடு நம்மகிட்டதான் இருக்கு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அழுகையும் சிரிப்பும் கலந்து, நடுவில் அண்ணியைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை. எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. என் கணவரைக் கூப்பிட்டு, ராத்திரி வெளியில் சாப்பிடலாம் என்று சொல்லலாம்போல இருந்தது. கூப்பிட்டுச் சொல்லியும் விட்டேன்.

அப்போது நூலகக் கதவைத் திறந்துகொண்டு பெரியவர் வந்தார். சார்ஜண்ட் போனைப் பையில் போட்டுவிட்டு விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பெரியவர் பதில் சல்யூட் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"மூணு வாரம் இதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்க. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார்" என்றார் சார்ஜண்ட்.

குத்திக்காட்டவில்லை. குரலில் ஒரு குறையும் இல்லை. வருகிற பேருந்துக்குக் காத்திருந்தேன் என்பதுபோலச் சொன்னார். பயமே இல்லாமல் அந்த மனுஷர் என் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது எதை நம்பி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் சார்ஜண்ட்டின் முன்னால் அப்படியே நின்றார்.